நோயாளித் தோழிக்குப் போர்வை: புதுத் துணி வேண்டாம்

உடம்பு முடியாத தோழிக்குக் கையால் போர்வை தைப்பதாக இருந்தால் புதுத் துணி வாங்காதீர்கள். துவைத்துத் துவைத்து நைந்த பருத்திச் சேலை இரண்டு போதும். அஞ்சரை மீட்டர் சேலையை மூன்றாக மடித்தால் ஏறக்குறைய 1.8 மீட்டர் நீளம் வரும். ஒருவர் போர்த்திக்கொள்ளத் தாராளம். இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, நான்கு விரல் இடைவெளியில் வரிசை வரிசையாகச் சாதாரண ஓட்டுத் தையல் போடுங்கள்.

பழைய சேலை சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி, சாயமும் போய் முடிந்திருக்கும். அடுக்குகளுக்கு நடுவே காற்று நிற்பதால் கதகதப்பு உண்டு, கனம் இல்லை. பஞ்சு வைத்த போர்வை துவைத்தால் திரளும்; இது திரளாது, சீக்கிரம் காயும். முடிச்சை மட்டும் உள்மடிப்பில் மறைத்துவிடுங்கள். நாள் முழுக்கப் படுத்திருப்பவருக்கு அதுகூடக் குத்தும். ஜரிகைக் கரை இருந்தால் வெட்டிவிடுவது நல்லது.

வெளிச்சத்தில் பிடித்தால் இழை விட்டுத் தெரிகிற சேலை ஆகாது, தையலோடு கிழியும். பாலியஸ்டர் சேலையும் வேண்டாம், போர்த்தினால் வியர்க்கும். கீமோ போன்ற சிகிச்சையில் இருப்பவர் என்றால், கொடுக்குமுன் நர்ஸிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.