84 கிராம் ஆப்பச் சோடாவைச் சுட்டால் என்ன மிஞ்சும்? வேதிக் கணக்கு, அரிச்சுவடியிலிருந்து

மொரீசியஸில் டியூஷனுக்கு 'லெசோன்' என்று பெயர். கியூர்பிப்பில் எங்கள் வீட்டுக் கூடத்தில் சனிக்கிழமை பிற்பகல்களில் அப்படி ஒரு லெசோன் நடக்கிறது. மாணவி ஒருத்திதான்: அக்கா மகள். காலையில் கோயிலில் தமிழ் வகுப்பு முடித்துவிட்டு, மதியம் சாப்பிட்ட கையோடு வேதியியல் நோட்டை எடுத்துக்கொண்டு வருவாள்.

சென்ற மாதம் அவளிடம் ஒரு கேள்வி கேட்டேன். "84 கிராம் ஆப்பச் சோடாவை ஓவனில் வைத்து நன்றாகச் சுட்டால், எத்தனை கிராம் சலவைச் சோடா கிடைக்கும்?" ஆப்பச் சோடாதான் சோடியம் பைகார்பனேட். சலவைச் சோடா என்று இங்கே நான் சொல்வது நீரற்ற சோடியம் கார்பனேட்டை. சமன்பாடு அவளுக்குத் தெரியும்:

2 சோடியம் பைகார்பனேட் → 1 சோடியம் கார்பனேட் + 1 நீர் + 1 கார்பன் டை ஆக்சைடு

"இரண்டுக்கு ஒன்று. அப்படியானால் 84-க்குப் பாதி, 42 கிராம் மாமா" என்றாள். தப்பு. இந்தத் தப்பைச் செய்யாமல் வேதிக் கணக்குக் கற்றவர் யாரையும் நான் பார்த்ததில்லை. நானும் செய்திருக்கிறேன். சமன்பாட்டில் இருக்கும் 2, 1 என்ற எண்கள் தலைகளை எண்ணுகின்றன, தராசு எடையைக் காட்டுகிறது. இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொள்வதால்தான் கணக்கு கவிழ்கிறது.

படி 1: எடையை எண்ணிக்கையாக மாற்றுங்கள்

கோயில் உண்டியலைத் திறந்தால் ஒரே வகைக் காசு ஆயிரக்கணக்கில் கொட்டும். ஒவ்வொன்றாக எண்ண வேண்டியதில்லை. ஒரு காசின் எடை தெரிந்தால் குவியலை நிறுத்து, வகுத்து, எண்ணிக்கையைச் சொல்லிவிடலாம். மோல் என்பதும் அதே வேலைதான். டஜன் என்றால் 12. மோல் என்றால் 6.022 × 10²³. அவகாட்ரோ எண் என்பது இதுதான். இந்தப் பூதாகரமான எண்ணைக் கணக்கில் ஒருமுறைகூட எழுத வேண்டியிருக்காது, பயப்படாதீர்கள்.

ஒரு மோல் எத்தனை கிராம் என்பதை அணு எடைகளைக் கூட்டிப் பெறலாம். ஆப்பச் சோடாவில் சோடியம் ஒன்று (23), ஹைட்ரஜன் ஒன்று (1), கார்பன் ஒன்று (12), ஆக்சிஜன் மூன்று (48). கூட்டினால் 84. சலவைச் சோடாவில் சோடியம் இரண்டு (46), கார்பன் ஒன்று (12), ஆக்சிஜன் மூன்று (48). மொத்தம் 106.

கையில் இருப்பது 84 கிராம். அதாவது சரியாக 1 மோல். (எண்கள் அழகாக வர வேண்டும் என்றுதான் 84-ஐத் தேர்ந்தெடுத்தேன். தேர்வில் உங்களுக்கு 13.7 கிராம்தான் கொடுப்பார்கள்.)

படி 2: சமன்பாட்டின் விகிதத்தைப் போடுங்கள்

இரண்டு மோலுக்கு ஒன்று என்பதால் 1 மோலுக்கு 0.5 மோல். அவள் சொன்ன 'பாதி' இங்கேதான் பொருந்தும், கிராமில் பொருந்தாது.

படி 3: எண்ணிக்கையை மறுபடி எடையாக்குங்கள்

0.5 × 106 = 53 கிராம். எதிர்பார்க்கும் விளைச்சல் இதுதான். மீதி 31 கிராம் எங்கே போயிற்று? 0.5 மோல் நீராவி 9 கிராம், 0.5 மோல் கார்பன் டை ஆக்சைடு 22 கிராம். கூட்டிப் பாருங்கள். இந்தச் சரிபார்ப்புக்கு அரை நிமிடம்கூட ஆகாது. ஆனால் சமன்பாட்டைச் சமன்செய்ததில் பிழை இருந்தால் இங்கேயே பிடிபட்டுவிடும்.

படி 4: செய்து பாருங்கள், பிறகு சதவீதம் போடுங்கள்

தெருமுனை லாபுத்திக்கில் (சில்லறைக் கடையில்) 'பிகார்போனாட்' என்று கேட்டால் ஆப்பச் சோடாவை எடுத்துத் தருவார்கள். 1 கிராம் துல்லியத்தில் காட்டும் சமையலறைத் தராசு போதும். காலித் தட்டை நிறுத்துக் குறித்துக்கொண்டு, 84 கிராமை மெல்லிய படலமாகப் பரப்பி, ஓவனை 200 டிகிரியில் வைத்தோம். அரை மணி நேரம் கழித்துத் தட்டோடு நிறுத்து, தட்டின் எடையைக் கழித்தோம். சுட்ட சோடா கையில் பட்டால் தோல் எரியும். அதனால் சுரண்டி எடுக்காமல் தட்டோடு நிறுப்பதே நல்லது. தட்டில் ஒட்டிய தூளும் கணக்கில் சேர்ந்துவிடும்.

60 கிராம் இருந்தது.

விளைச்சல் சதவீதம் = கிடைத்தது ÷ எதிர்பார்த்தது × 100. 60 ÷ 53 × 100 = 113.

"நூற்றுக்கு மேலேயே வந்துவிட்டது மாமா!" அவள் முகத்தில் அத்தனை பெருமை. நூற்றைத் தாண்டிய விளைச்சல் மகிழ வேண்டிய செய்தி அன்று. பொருள் சூனியத்திலிருந்து முளைக்காது. தட்டில் சலவைச் சோடாவைத் தவிர வேறு ஏதோ இருக்கிறது. ஒன்று ஈரம், அல்லது இன்னும் சிதையாத ஆப்பச் சோடா. மழைக்குப் பெயர்போன கியூர்பிப்பில் ஈரத்தைத்தான் முதலில் சந்தேகிப்போம். ஆனால் சூடான ஓவனிலிருந்து அப்போதுதான் எடுத்த தட்டில் ஏழு கிராம் ஈரம் ஏறியிருக்க வழியில்லை.

ஆகவே எடையிழப்பைப் பார்த்தோம். முழுவதும் சிதைந்திருந்தால் 31 கிராம் குறைந்திருக்க வேண்டும். குறைந்ததோ 84 − 60 = 24 கிராம். 24 ÷ 31 என்றால் 77 சதவீதம். 113 என்று பெருமைப்பட்ட தட்டில் வினை முக்கால் பங்குதான் நடந்திருக்கிறது! கிடைத்த 60 கிராமில் சலவைச் சோடா சுமார் 41, மாறாத ஆப்பச் சோடா சுமார் 19.

தட்டை மறுபடி உள்ளே வைத்தோம். அடுத்த இருபது நிமிடத்தில் 55. அதற்கடுத்து 53. இன்னொரு முறை வைத்தும் 53. எடை மேலும் குறையாமல் நின்றால்தான் வினை முடிந்தது என்று பொருள். ஆய்வகத்திலும் மாறாத எடை வரும்வரை சூடுபடுத்துவது வழக்கம். அதன்பின் தட்டை மேசையிலேயே விட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டால், சலவைச் சோடா காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல இழுத்துக்கொண்டு மறுபடி கனக்கத் தொடங்கும். கணக்கை எழுதி முடித்துவிட்டுத் தேநீர் குடியுங்கள்.

படி 5: இரண்டு பொருள் இருந்தால் எது முதலில் தீரும்?

இங்கே தைப்பூசக் காவடி கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒரு வளைவுக்கு இரண்டு பால் செம்பு, பக்கத்துக்கு ஒன்று. 9 வளைவும் 16 செம்பும் இருந்தால் எத்தனை காவடி கட்டலாம்? எட்டுதான். எண்ணிக்கையில் செம்பு அதிகம், ஆனாலும் முதலில் தீர்ந்துபோவது அதுதான். ஒரு வளைவு சும்மா கிடக்கும். முதலில் தீர்ந்து வேலையை நிறுத்துகிற பொருளைப் பாடநூல்கள் 'வினைக்கட்டுப்பாட்டுக் காரணி' என்கின்றன. பெயர் நீளம், ஆள் நமக்குப் பழக்கமானவர்தான்.

இப்போது ஆப்பச் சோடா 50 கிராம், 5 சதவீத வினிகர் 500 மில்லி. வினை ஒன்றுக்கு ஒன்று: சோடா ஒரு மோல், அசிட்டிக் அமிலம் ஒரு மோல், வெளியேறும் கார்பன் டை ஆக்சைடு ஒரு மோல். வினிகர் அரை லிட்டர் இருக்கிறதே என்று மயங்கக் கூடாது. அதில் பெரும்பகுதி தண்ணீர், அமிலம் சுமார் 25 கிராம்தான். அசிட்டிக் அமிலத்தின் ஒரு மோல் 60 கிராம். ஆக,

சோடா: 50 ÷ 84 = 0.595 மோல்
அமிலம்: 25 ÷ 60 = 0.417 மோல்

முதலில் தீர்வது அமிலம். இனிக் கணக்கை அதை வைத்தே போட வேண்டும், சோடாவை மறந்துவிடலாம். வாயு 0.417 × 44 = 18.3 கிராம். பெரிய பாத்திரத்தில் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள், இல்லாவிட்டால் நுரை மேசையெல்லாம் வழியும். மூடி போட்ட பாட்டிலில் செய்யவே செய்யாதீர்கள். பாத்திரம், வினிகர், சோடா மூன்றின் மொத்த எடையை முன்பும் பின்பும் நிறுத்ததில் எங்களுக்கு 17 கிராம் குறைந்தது. 93 சதவீதம். கொஞ்சம் வாயு திரவத்திலேயே கரைந்து நிற்கிறது. 1 கிராம் தராசு முன்பின் காட்டுவதும் உண்டு. மீந்த 15 கிராம் சோடா கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். இன்னும் கொஞ்சம் வினிகர் ஊற்றினால் மறுபடி சீறி எழுந்து தன்னைக் காட்டிக்கொள்ளும்.

கரும்புத் தீவில் இருந்துகொண்டு சர்க்கரையைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. ஒரு மோல் சர்க்கரை (342 கிராம்) ஒரு மோல் நீரோடு சேர்ந்து நொதித்தால் 4 மோல் எத்தனாலும் (184 கிராம்) 4 மோல் கார்பன் டை ஆக்சைடும் கிடைக்கும். ஒரு கிலோ சர்க்கரைக்கு 538 கிராம் எத்தனால். ரம் வடிக்கும் எந்த ஆலையும் இந்த எண்ணை எட்டாது. ஈஸ்ட் தன் உடலை வளர்க்கவும், கிளிசரால் போன்ற உபபொருள்களுக்கும் சர்க்கரையில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். 90 சதவீதம் கிடைத்தது என்று வைத்துக்கொண்டால் 484 கிராம்.

கடைசியாக, அவளுக்குக் கொடுத்த வீட்டுப்பாடத்தை உங்களுக்கும் தருகிறேன். இந்தத் தீவின் கரையோரத்தில் பழைய சுண்ணாம்புக் காளவாய்களை இன்றும் பார்க்கலாம். பவளத்தைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கிய இடங்கள் அவை. பவளம் முழுக்கக் கால்சியம் கார்பனேட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மோல் 100 கிராம். சுட்டால் 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு, 44 கிராம் கார்பன் டை ஆக்சைடு. 500 கிலோ பவளத்தை ஒரு காளவாயில் இட்டு, வெளியே எடுத்து நிறுத்தால் 302 கிலோ. எதுவும் சிந்தவில்லை. உண்மையான சுண்ணாம்பு எவ்வளவு?

500-இல் 56 சதவீதமான 280-ஐ வைத்து வகுத்து 108 சதவீதம் என்று எழுதிவிட்டு வந்தாள். அடுத்த கணமே நோட்டை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். குறைய வேண்டியது 220, குறைந்தது 198, ஆக 90 சதவீதம். 252 கிலோ சுண்ணாம்பு, 50 கிலோ வேகாத பவளம்.