ஜெர்மன் எண்களும் தேதிகளும்: யாரும் திருத்தாத தவறுகள்

ஜெர்மனில் பேசும்போது பெயர்ச்சொல்லின் முன் பால் காட்டும் 'டேர்' வரவேண்டிய இடத்தில் 'டாஸ்' போட்டுவிட்டால் எதிரில் இருப்பவர் புரிந்துகொள்வார். நல்ல மனசுக்காரராக இருந்தால் திருத்தியும் விடுவார். எண்ணில் தவறினால் அப்படி நடக்காது. மூன்றரைக்கு வருவதாக நினைத்துக்கொண்டு இரண்டரைக்கு வருவதாகச் சொல்லிவிட்டீர்கள் என்று வையுங்கள். வாக்கியத்தில் ஒரு குறையும் இல்லை. கேட்டவர் தலையாட்டிவிட்டு இரண்டரை என்று குறித்துக்கொள்வார். தவறு தெரியவரும்போது அந்தச் சந்திப்பே முடிந்துபோயிருக்கும். அதனால்தான் எண்களை "முதல் வாரப் பாடம், முடிந்தது" என்று மூடிவைப்பதையே நான் பெரிய தவறு என்பேன்.

அதற்கு அடுத்தது, வரிசையாக மட்டும் ஒப்பிப்பது. ஐன்ஸ், ட்ஸ்வை, டிரை என்று நூறு வரை மூச்சுவிடாமல் சொல்பவரிடம் திடீரென்று 'ஆஹ்ட்-உன்ட்-ஸீப்ட்ஸிஷ்' என்று சொல்லிப் பாருங்கள். அது 78 என்று பிடிபட நேரமாகும். வரிசையில் சொல்லும்போது முந்தைய எண்ணே அடுத்ததை இழுத்து வந்துவிடுகிறது. வாழ்க்கையில் எண்கள் வரிசையில் வருவதில்லை.

தலைகீழாக வரும் இரண்டு இலக்கங்கள்

தமிழில் முப்பத்தி நான்கு என்றால் முதலில் முப்பது, பிறகு நான்கு. ஜெர்மனில் 'ஃபியர்-உன்ட்-டிரைஸிஷ்', அதாவது நான்கும் முப்பதும். 21 முதல் 99 வரை இதே கதைதான். இது எல்லாருக்கும் தெரிந்த விதி. ஆனால் தொலைபேசியில் யாராவது எண் சொல்லும்போது காதில் முதலில் விழுந்த 4-ஐக் கை முதலில் எழுதிவிடும். 34 என்பது 43 ஆகிவிடும். பலர் தொலைபேசி எண்ணை இரண்டிரண்டாகச் சேர்த்துச் சொல்வதால் ஒரே எண்ணில் மூன்று இடங்களில் இப்படிச் சறுக்கலாம்.

காகிதமானால் பத்துக்கான இடத்தைக் காலியாக விட்டு 4-ஐ எழுதி, பிறகு முன்னால் 3-ஐ நிரப்பலாம். கைப்பேசியில் தட்டச்சு செய்யும்போது அது நடக்காது. சொல் முழுதாக முடியும்வரை விரலை நிறுத்திவைக்கத்தான் வேண்டும். இன்னும் எளிய வழி 'ஐன்ட்ஸெல்ன், பிட்டெ' என்று கேட்பது. ஒவ்வொரு இலக்கமாகச் சொல்வார்கள். இதில் வெட்கப்பட எதுவுமில்லை. இந்தத் தலைகீழ் முறையே வேண்டாம் என்று வாதாட, ஒரு கணிதப் பேராசிரியர் முன்னின்று போஹும் நகரில் தொடங்கிய சங்கமே ஜெர்மனியில் இருக்கிறது. நார்வே அரசு 1951-இல் பத்தை முதலில் சொல்லும் முறைக்கு அதிகாரபூர்வமாக மாறியது. தொலைபேசி எண்களில் வந்த குழப்பமே அதற்கு முக்கியக் காரணம். ஜெர்மன் மாறவில்லை.

நூறைத் தாண்டினால் இன்னொரு வளைவு. 347 என்பதில் நூறு முதலில், பிறகு ஏழு, கடைசியில் நாற்பது: 'டிரைஹுண்டர்ட்-ஸீபன்-உன்ட்-ஃபியர்ட்ஸிஷ்'. எல்லாமே தலைகீழ் என்று நினைத்து ஏழிலிருந்து தொடங்கிவிடாதீர்கள்.

உச்சரிப்பில் சில இடங்கள் வழுக்கும். 'ட்ஸேன்' என்று நீட்டி முடிந்தால் 13 முதல் 19 வரையுள்ள எண், 'ட்ஸிஷ்' என்று குறுகி முடிந்தால் பத்தின் மடங்கு. 15-ம் 50-ம் அங்கேதான் பிரிகின்றன. (தெற்கிலும் ஆஸ்திரியாவிலும் 'ட்ஸிக்' என்று கேட்கும், பயப்பட வேண்டாம், அதே எண்தான்.) 30 மட்டும் 'டிரைஸிஷ்', அதில் 'ட்ஸ்' கிடையாது. 16-இல் ஆறின் கடைசி 'ஸ்' உதிரும், 17-இல் ஏழின் 'என்' உதிரும். ஒன்று என்பது தனியே நின்றால் 'ஐன்ஸ்', 21-இல் 'ஐன்' மட்டும். தொலைபேசியில் 'ட்ஸ்வை', 'டிரை' இரண்டும் ஒன்றுபோல் கேட்பதால் இரண்டை 'ட்ஸ்வோ' என்பார்கள். அதேபோல் ஜூன் 'யூனி', ஜூலை 'யூலி'. குழப்பம் வரும்போது 'யூனோ', 'யூலை' என்று மாற்றிச் சொல்வதைக் கேட்கலாம்.

புள்ளியும் காற்புள்ளியும்

ஜெர்மன் எழுத்தில் 1.250 என்றால் ஆயிரத்து இருநூற்று ஐம்பது. ஒன்றேகாலை 1,25 என்று எழுத வேண்டும். வாசிக்கும்போது 'ஐன்ஸ் கொம்மா ட்ஸ்வை ஃபுன்ஃப்'. வாடகை, சம்பளம், மருந்தளவு போன்ற இடங்களில் இதை மாற்றிப் படித்தால் ஆயிரம் மடங்கு வித்தியாசம் வந்துவிடும்.

பெரிய எண்களில் லட்சமும் கோடியும் கிடையாது. ஒரு லட்சம் 'ஹுண்டர்ட்டௌஸன்ட்', ஒரு கோடி 'ட்ஸேன் மில்லியோனன்'. நூறு கோடிக்குத்தான் பொறி இருக்கிறது: ஆங்கிலத்தில் பில்லியன் என்று பழகியவர்கள் ஜெர்மனிலும் 'பில்லியோன்' என்றுவிடுகிறார்கள். ஜெர்மனில் நூறு கோடி 'மில்லியார்டெ'. 'பில்லியோன்' அதைப்போல் ஆயிரம் மடங்கு, அதாவது ஒரு லட்சம் கோடி.

மணி

தமிழில் மூன்றரை என்றால் மூன்றைத் தாண்டி அரை. ஜெர்மனில் 'ஹால்ப் ஃபியர்' என்பது நான்கை நோக்கிப் பாதி வழி வந்துவிட்ட நேரம், அதாவது 3.30. 'ஹால்ப்' கேட்டவுடன் பின்னால் வரும் எண்ணில் ஒன்றைக் கழியுங்கள். 3.25-ஐ 'ஹால்ப் ஃபியருக்கு ஐந்து முன்' என்று சொல்லும் வழக்கமும் உண்டு: 'ஃபுன்ஃப் ஃபோர் ஹால்ப் ஃபியர்'.

கால் மணி ஊருக்கு ஊர் மாறும். 3.15-ஐப் பல இடங்களில் 'ஃபியர்டல் நாஹ் டிரை' என்பார்கள். கிழக்கிலும் தெற்கின் பல பகுதிகளிலும் அதுவே 'ஃபியர்டல் ஃபியர்'. 3.45 அங்கே 'டிரைஃபியர்டல் ஃபியர்'. இதையெல்லாம் பேச வேண்டிய அவசியமில்லை, கேட்டால் புரிந்தால் போதும். சந்தேகம் இருக்கும் இடத்தில் ரயில் நிலைய அறிவிப்பு போல 'ஃபுன்ஃப்ட்ஸேன் ஊர் டிரைஸிஷ்' (15.30) என்று இருபத்து நான்கு மணிக் கணக்கில் சொல்லிவிடுங்கள். யாருக்கும் குழப்பம் வராது. இரண்டையும் மட்டும் கலக்கக் கூடாது: 'ஹால்ப் ஸெஷ்ட்ஸேன்' என்று யாரும் சொல்வதில்லை.

தேதி

நாள், மாதம், ஆண்டு என்ற வரிசை நமக்குப் பழகியதே. ஆனால் '3. மை' (மே 3) என்று எழுதும்போது எண்ணுக்குப் பின் வரும் அந்தப் புள்ளி அலங்காரம் அல்ல. 'மூன்றாம்' என்பதில் வரும் 'ஆம்' அதுதான். விட்டுவிட்டால் பிழை. இன்று மே 3 என்றால் 'டேர் டிரிட்டெ மை'. மே 3 அன்று என்றால் 'ஆம் டிரிட்டன் மை'. 19 வரை 'டெ', 20 முதல் 'ஸ்டெ' சேரும். 1, 3, 7, 8 நான்கும் தனிவழி: 'ஏர்ஸ்டெ', 'டிரிட்டெ', 'ஸீப்டெ', 'ஆஹ்டெ'. அலுவலகத்தில் பிறந்த தேதி கேட்டால் மாதத்தையும் எண்ணாகவே சொல்பவர்கள் ஏராளம்: 'ஆம் டிரிட்டன் ஃபுன்ஃப்டன்', மூன்றாம் தேதி ஐந்தாம் மாதம். முதல் முறை கேட்கும்போது இரண்டு தேதிகள் என்று தோன்றும்.

ஆண்டுக்கு முன் 'இன்' போடுவது ஆங்கிலத்திலிருந்து ஒட்டிக்கொள்ளும் பிழை. '1995' என்று வெறுமனே சொல்லலாம், அல்லது 'இம் யார் 1995' என்று முழுதாகச் சொல்லலாம். அதை வாசிப்பது 'நோய்ன்ட்ஸேன்ஹுண்டர்ட்' என்று தொடங்கி, பத்தொன்பது நூறாக. 2024-க்கு வழக்கமான வடிவம் 'ட்ஸ்வைடௌஸன்ட்' என்று தொடங்கும். முன்னால் வரும் சிறுசொற்களை மனப்பாடமே செய்துவிடலாம்: மணிக்கு 'உம்', நாளுக்கு 'ஆம்', மாதத்துக்கு 'இம்'.

கடைசியாக இரண்டு. 'இன் ஆஹ்ட் டாகன்' என்பது சொல்லளவில் எட்டு நாளில். பேச்சில் அதற்கு அடுத்த வாரம் இதே கிழமை என்று பொருள். தொடங்கும் நாளையும் சேர்த்து எண்ணுகிறார்கள். ஆனால் இரண்டு வாரத்துக்கு 'ஃபியர்ட்ஸேன் டாகெ', பதினான்கேதான், தர்க்கம் தேடாதீர்கள். வேலையிடங்களில் "20-ஆம் வாரத்தில் தருகிறோம்" என்று ஆண்டின் வார எண்ணைச் சொல்வார்கள். மின்னஞ்சலில் அது 'KW 20' ('கா வே') என்ற இரண்டெழுத்துச் சுருக்கமாக வரும். வாரம் திங்களன்று தொடங்கும். ஆண்டின் முதல் வியாழன் எந்த வாரத்தில் வருகிறதோ அதுவே முதல் வாரம். கைப்பேசி நாள்காட்டியின் அமைப்புகளில் வார எண்ணைக் காட்டச் சொல்லிவிட்டால் விரல்விட்டு எண்ண வேண்டியதில்லை.