கலப்பினக் கோதுமை: 10 வீதம் கூட, எதைவிட?

வெள்ளவத்தையில் என்னிடம் பாடம் படிக்கும் மாணவி ஒருத்தி போன கிழமை ஒரு வரைபடத்தோடு வந்தாள். "சேர், கலப்பினம் 10 வீதம் கூட விளையுது!" கோதுமை வயலைக் கண்ணால் காணாமல் பாணிலும் கொத்திலும் மட்டுமே அதைச் சந்திக்கிற கொழும்புக்காரர் நாங்கள். எண்ணைக் கண்டதும் நம்பிவிடுவோம். நான் கேட்டேன்: எதைவிட 10?

பெரிய சறுக்கல் இங்கேதான். கலப்பினம் என்பது இரண்டு கோதுமை வழிகளை, அதாவது தாய் ரகத்தையும் தந்தை ரகத்தையும், இணைத்துப் பெறும் விதை. தாய் வழி ஹெக்டேயருக்கு 6 தொன், தந்தை வழி 8, கலப்பினம் 7.7 என்று வைத்துக்கொள்ளுங்கள். பெற்றோரின் சராசரி 7, அதைவிட 10 வீதம் கூடத்தான். ஆனால் தந்தையைவிட ஏறக்குறைய 4 வீதம் குறைவு! இரண்டும் சரியான கணக்கு, சொல்வதோ வேறு வேறு கதை. விவசாயிக்கு இவை இரண்டும் பெரிதல்ல. தான் இப்போது விதைக்கும் நல்ல ரகத்தை இது வெல்லுமா, கூடுதல் விளைச்சல் விதைக் காசை ஈடுகட்டுமா என்பதுதான் அவர் கேள்வி. கோதுமை தன்மகரந்தச் சேர்க்கைப் பயிர், தன் மகரந்தத்தாலேயே மணி பிடிக்கும். அதைத் தடுத்து வேற்று மகரந்தத்தைச் சேர்க்க வேண்டும், அதனால் கலப்பின விதை மலிவாகக் கிடைக்காது.

தாய் வழியை அளப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. 1962 இல் டிமோபீவி என்ற உறவுக் கோதுமையின் குழியவுருவைக் (கலத்தில் கருவைச் சூழ்ந்திருக்கும் பகுதி) கொண்டு ஆண்மலட்டுத் தாய் வழியை உருவாக்கும் முறை கிடைத்தது. அந்தத் தாயில் மகரந்தம் இல்லை. வேறிடத்திலிருந்து வந்து விழும் மகரந்தத்தால்தான் மணி பிடிக்கும். அதன் விளைச்சலைப் பெற்றோர் விளைச்சலாகப் போட்டால் கலப்பினம் சும்மாவே ஜெயித்துவிடும். அதே கருவமைப்பும் நல்ல மகரந்தமும் உள்ள பராமரிப்பு வழியைத்தான் (ஆண்மலட்டுத் தாய்க்கு மகரந்தம் தந்து அதைப் பெருக்க உதவும் இணை வழி) பக்கத்தில் விதைக்க வேண்டும்.

விதை அளவையும் பாருங்கள். விலை அதிகம் என்று கலப்பினத்தை ஐதாக விதைத்துவிட்டு, பெற்றோரை நெருக்கமாக விதைத்தால் அடர்த்தியையும் சேர்த்தே அளக்கிறீர்கள். உயரமான கலப்பினம் சின்னப் பாத்தியில் பக்கத்துக் குட்டைப் பெற்றோருக்கு நிழல் போடும். ஓர வரிசைகளை விட்டுவிட்டு நடுவை மட்டும் அறுவடை செய்வது இதற்காகத்தான். ஒரே ஓர் இடத்தில், ஒரே ஒரு பருவத்தில் மட்டும் சோதித்தால் போதாது என்பதைச் சொல்லவே வேண்டாம்.

அப்புறம், அறுத்த மணியையே மறுபடி விதைத்து, "கலப்பினம் தோற்றுவிட்டது" என்பவர்களும் உண்டு. அது இரண்டாம் தலைமுறை. மரபணுக்கள் பிரிந்து செடிக்குச் செடி வேறுபடும், வீரியமும் குறையும். சோதித்தது அந்தக் கலப்பினத்தையே அல்ல.

மாணவி நேற்று வரைபடத்தைத் திருத்திக்கொண்டு வந்தாள். தலைப்பில் 10 இல்லை. நாலு பட்டைகள்: தாய், தந்தை, கலப்பினம், வழக்கமான ரகம். கடைசிப் பட்டைக்கு இன்னும் தரவு தேடிக்கொண்டிருக்கிறாள்.