வடலியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்: ஆப்பிரிக்கப் பனைகளில் நாம் செய்யும் தவறுகள்

ஆப்பிரிக்கச் சவானா படத்தில் விசிறி ஓலையோடு ஒரு மரம் நின்றால், 'அட, நம்ம பனை!' என்று சொல்லிவிடுகிறோம். பாதிதான் சரி. அங்கே பரவலாக நிற்கும் போராசஸ் ஏத்தியோப்பம் நம் பனையின் பேரினம்தான், ஆனால் இனம் வேறு. வளர்ந்த மரத்தின் தண்டு பாதிக்கு மேல் பானை வயிறு போல உப்பி, அப்புறம் மறுபடி சிறுக்கும். பழமும் நம் பனம்பழம் போலக் கருக்காது, ஆரஞ்சு நிறமாகும்.

அதற்காக வயிற்றை மட்டும் நம்பினாலும் ஏமாறுவோம். வடலிக்கு, அதாவது இளம் பனைக்கு, வயிறே இருக்காது. மேற்கு ஆப்பிரிக்காவின் போராசஸ் அகேயாசி என்ற பனையைத் தாவரவியலாளர்களே 2006-ல்தான் தனி இனமாகப் பிரித்தார்கள். அதுவரை மற்றப் பனைகளோடு சேர்த்தே எண்ணி வந்தார்கள்.

அடுத்த தவறு, கிளையை வைத்துச் சூத்திரம் போடுவது. நைல் கரையின் டூம் பனை கவட்டை கவட்டையாகப் பிரிந்து வளரும். அதனால் 'கிளைத்தால் டூம், இல்லாவிட்டால் பனை' என்பார்கள். ஆனால் வடக்கு நமீபியாவிலும் போட்ஸ்வானாவின் ஒக்கவாங்கோ டெல்டாவிலும் நிற்கும் ஹைஃபீனி பீட்டர்சியானா டூமின் நெருங்கிய சொந்தம்; இரண்டும் ஹைஃபீனி பேரினம்தான். அதற்குப் பெரும்பாலும் ஒற்றைத் தண்டுதான். சில மரங்களில் வயிறு கூட உண்டு! மரத்தடியில் குனிந்து காயைத் தேடுவதுதான் நல்ல வழி. கையில் அடங்கும் பளபளப்பான பழுப்பு உருண்டை, உள்ளே கல் போல ஒரே விதை என்றால் ஹைஃபீனி. பனங்காய் அளவில், வழக்கமாக மூன்று கொட்டையோடு இருந்தால் போராசஸ்.

நெட்டைத் தண்டு இருந்தால்தான் பனைக் குடும்பம் என்பதும் தவறு. காங்கோ காடுகளில் மரமேறும் பிரம்புகளும் இதே குடும்பம்தான். மத்திய ஆப்பிரிக்காவின் ராஃபியா ரெகாலிஸுக்குத் தண்டென்று சொல்ல ஒன்றும் இல்லை, ஆனால் ஓலை மட்டும் 25 மீட்டர் வரை நீளும். தாவர உலகிலேயே மிக நீளமான இலை அது.

வரைபடத்திலும் சறுக்குவோம். ஆப்பிரிக்காவின் கிழக்குக் கடற்கரைத் தென்னைகள் மனிதர்கள் கொண்டுவந்தவை. எண்ணெய்ப் பனையோ, மலேசியத் தோட்டங்களால் ஆசிய மரமாகத் தெரிந்தாலும், மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் சொந்த மரம். மடகாஸ்கரைக் கண்டத்தோடு சேர்த்து எண்ணினால் கணக்கே கெட்டுவிடும்: பெருநிலத்தில் பனைக் குடும்பத்தின் சுமார் 65 இனங்கள், அந்த ஒரு தீவில் சுமார் 200. அதே தீவின் 'பயணியர் பனை' பனையே இல்லை. தமிழில் அதை விசிறி வாழை என்கிறோம். வாழைக்குத் தூரத்துச் சொந்தம்தான் அது.