சிறையிருப்பின் அதிகாரங்களை வீட்டுச் செபக்கூட்டத்தில் வாசிப்பது எப்படி

சிறையிருப்பு என்றால் யூதர்கள் எருசலேமிலிருந்து பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்ட காலம். அவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதிய கடிதத்தில், உங்கள்மேல் எனக்கிருப்பது தீமைக்கல்ல, சமாதானத்துக்கான நினைவுகளே என்று கர்த்தர் சொல்லும் எரேமியா 29:11 யாழ்ப்பாணத்தில் எத்தனையோ வீட்டுச் சுவர்களில் தொங்குகிறது. அந்த வசனத்தை மட்டும் எடுத்துக் கூட்டம் நடத்தாதீர்கள். அதற்கு முந்தின வசனத்திலேயே, திரும்பிவர எழுபது வருடம் என்று இருக்கிறது. பாபிலோனில் அந்தக் கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் அநேகர் ஊரைத் திரும்பப் பார்த்திருக்கமாட்டார்கள். இடம்பெயர்ந்தவர்கள் முன்னால் இதை மறைக்கவே கூடாது.

28ஆம் அதிகாரத்தில் தொடங்குங்கள். இரண்டு வருடத்தில் எல்லாரும் திரும்பிவிடுவார்கள் என்று அனனியா என்ற கள்ளத் தீர்க்கதரிசி சொல்கிறான். கேட்க இனிப்பான பொய். 1995 ஒக்டோபர் 30 இரவு போரினால் வலிகாமத்திலிருந்து தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்து நடந்தவர்கள் யாராவது உங்கள் கூட்டத்தில் இருப்பார்கள். "கெதியாய்த் திரும்பலாம்" என்று அன்றைக்கு யார் சொன்னார்கள் என்று அவர்களிடம் கேளுங்கள், ஆறுதலாகப் பேசவிடுங்கள்.

பிறகு 29. வீடு கட்டுங்கள், தோட்டம் வையுங்கள், இருக்கிற பட்டணத்துக்காகச் செபியுங்கள் என்கிறார் கர்த்தர். கி.மு. 597இல் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு இது கசப்பான கட்டளைதான். ஆனால் அந்நிய மண்ணிலும் அவர்களோடு இருக்கிறவர்தான் அப்படிச் சொல்லமுடியும். சிதறிப்போன தேசங்களிலும் நானே அவர்களுக்குப் பரிசுத்த ஸ்தலமாயிருப்பேன் என்கிற எசேக்கியேல் 11:16ஐயும் இதோடு சேர்த்து வாசியுங்கள். செபிக்கும்போது சாவகச்சேரி, கொடிகாமம் என்று இடம் கொடுத்த ஊர்களைப் பெயர் சொல்லிச் செபியுங்கள்.

32ஆம் அதிகாரத்துக்கு ஒரு முழு மாலை வேண்டும். எருசலேம் முற்றுகையில் இருக்கிறது, எரேமியா காவலில் இருக்கிறார். அந்த நேரத்தில் ஆனதோத்தில் ஒரு நிலத்தைப் பதினேழு சேக்கல் வெள்ளிக்கு வாங்கி, சாட்சி வைத்து, காணி உறுதிப் பத்திரத்தை மண்பாண்டத்தில் போடச் சொல்கிறார். எதிரி பிடித்துவிட்ட காணி அது! எங்கள் அம்மா 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளிக்கிட்டபோது காணி உறுதியைச் சீலைத்துணியில் சுற்றி எடுத்துவந்தா. நகையைவிட அதைத்தான் பத்திரமாக வைத்திருந்தா. உறுதி வைத்திருப்பவர்களை அன்றைக்கு அதைக் கொண்டுவரச் சொல்லுங்கள். தேவன் வாக்கு மாறாதவர் என்பதை நாம் விளக்கத் தேவையில்லை. அந்தத் தாள்களை மடியில் வைத்துக்கொண்டு, இந்தத் தேசத்தில் வீடுகளும் நிலங்களும் திரும்பவும் வாங்கப்படும் என்கிற 15ஆம் வசனத்தை வாசித்தால் போதும். படையினரிடமிருந்து காணி இன்னும் விடுபடாதவர்களிடம் மட்டும், திகதி குறித்து வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். அது அனனியாவின் வேலை.

பாபிலோன் ஆறுகளருகே அழுதவர்களின் 137ஆம் சங்கீதத்தை, பழிவாங்கக் கேட்கும் கடைசி வசனம்வரை வாசியுங்கள். அந்தக் கோபத்தைத் தேவனிடம் கொண்டுபோகலாம் என்பதற்குத்தான் அது வேதத்தில் இருக்கிறது. 1990 ஒக்டோபரில் இந்த மண்ணிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களையும் அந்த மாலையில் நினையுங்கள். அவர்களும் ஊரை நினைத்து அழுதவர்கள்.

தானியேல் எல்லாருக்கும் தெரிந்த கதை, அதிகம் நிற்கவேண்டாம்.

கடைசியாக எஸ்றா. கி.மு. 538இல் பாபிலோனைப் பிடித்த பெர்சியாவின் கோரேசு ராஜா திரும்பிப்போக அனுமதிக்கிறார். 3:12-13இல் ஆலயத்துக்கு அஸ்திபாரம் போடும்போது பழைய ஆலயத்தைக் கண்டிருந்த முதியவர்கள் அழுகிறார்கள், மற்றவர்கள் ஆர்ப்பரிக்கிறார்கள், இரண்டு சத்தத்தையும் பிரித்தறிய முடியவில்லை. மீள்குடியேறி, இடிந்த சுவரும் பற்றையுமாகக் கிடந்த வளவைக் கண்டவர்களுக்கு இது புரியும். அழுகிறவர்களை "ஸ்தோத்திரம் சொல்லுங்கோ" என்று அவசரப்படுத்தாதீர்கள். வேலை பிறகு தடைப்பட்டு, கி.மு. 520இல்தான் திரும்பத் தொடங்கியது. அதற்கு, ஆலயத்தைக் கட்டச்சொல்லி ஏவிய ஆகாய் தீர்க்கதரிசியின் புத்தகத்தை எடுங்கள். இரண்டே அதிகாரம், ஒரே மாலையில் முடிக்கலாம்.