கன்று வீசிய தொழுவத்தில் பால் மாதிரி எடுக்க

கன்று வீச்சு நோய் (மாட்டுக்குச் சினை கலையும் நோய்) ஆய்வுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் மாட்டிவிடுவது கையுறை. இந்த நோயைத் தரும் புருசெல்லா கிருமி பாலில் வரும். ஆனால் நஞ்சுக்கொடியிலும் கருப்பை நீரிலும்தான் கொட்டிக் கிடக்கும். முகக்கவசமும் ரப்பர் பூட்ஸும் போட்ட பிறகே தொழுவத்துக்குள் கால் வையுங்கள்.

அடுத்து, பேசுங்கள். "எத்தனையாம் மாசத்துல வீசுச்சு அக்கா?" ஐந்து மாதச் சினைக்குப் பிறகு என்றால் சந்தேகம் கூடும். "நஞ்சுக்கொடிய யாரு எடுத்தா?" ஒரு வீட்டில் அந்த அம்மா, "விழலைன்னு நானே கைய விட்டு எடுத்தேன்" என்றார். அதன்பிறகு மாலையானால் காய்ச்சல், பாய் நனையும் வியர்வை, இடுப்பு வலி. இரண்டு மாதமாக டைபாய்டு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மாடு கன்று வீசியதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. ரத்தம் பார்க்க அனுப்பினோம், அதே கிருமி. இந்தக் கேள்வியை மட்டும் ஒருநாளும் விட்டுவிடாதீர்கள்.

காம்பைத் துடைத்து, முதல் சில பீச்சுகளைக் கிருமிநாசினி ஊற்றிய கிண்ணத்தில் விட்டு, பிறகு நான்கு காம்பிலும் குழாயில் பிடியுங்கள். சீம்பால், மடிநோய்ப் பால், வற்றப்போகும் மாட்டின் பால் வேண்டாம். பாலில் நீல வளையம் வருகிறதா என்று பார்ப்பதுதான் நம் சோதனை; இந்தப் பாலெல்லாம் நோய் இல்லாமலே வளையம் காட்டும். ஐஸ் பெட்டியில் வையுங்கள். உறையக் கூடாது, பலமாகக் குலுங்கக் கூடாது, 72 மணி நேரம் தாண்டக் கூடாது.

ஒரு மி.லி. பாலில் 0.03 மி.லி. நீலச் சாயமேற்றிய ஆன்டிஜென் (கொன்ற புருசெல்லா கிருமிக் கரைசல்) கலந்து, 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வையுங்கள். பாலில் எதிர்ப்பொருள் (கிருமியை எதிர்க்க மாட்டின் உடல் உண்டாக்குவது) இருந்தால் அது சாயமேறிய கிருமிகளைத் திரட்டிக்கொண்டு கொழுப்போடு மேலே ஏறும். மேலே நீல வளையம், கீழே வெள்ளைப் பால். அந்த வளையம் ஏறுவதைப் பார்த்தால் எனக்கு இன்றும் அடிவயிறு கலங்கும். ஆட்டுப்பாலுக்கு இது சரிப்படாது, ரத்தம்தான். 1905இல் மால்டா தீவில் மருத்துவர் தெமிஸ்டாக்லெஸ் சம்மித் ஆட்டு ரத்தத்தைச் சோதித்துத்தான் பட்டாளத்தாரைப் படுக்கையில் தள்ளிய புருசெல்லா காய்ச்சலின் ஊற்று ஆடு என்று பிடித்தார்.

வளையம் வந்த மாட்டின் ரத்தத்தையும் எடுத்து உறுதிசெய்யுங்கள். முடிவைப் போனில் சொல்லாமல் நேரில் போங்கள். பாலைப் பொங்கக் காய்ச்சச் சொல்லுங்கள். வீசிய கன்றையும் நஞ்சுக்கொடியையும் நாய் தோண்டாத ஆழத்தில் சுண்ணாம்பு போட்டுப் புதைக்கச் சொல்லுங்கள். 4 முதல் 8 மாதக் கிடேரிக் கன்று நின்றால் தடுப்பூசிக்கு அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். அந்த அம்மா வீட்டில் ஆறு மாதக் கிடேரி ஒன்று நின்றது.