பிள்ளைகளின் தைராய்டு புற்றுநோய்ச் செய்தியை எப்படிப் படிப்பது

அணு உலை விபத்துக்குப் பின் இத்தனை பிள்ளைகளுக்குத் தைராய்டு புற்றுநோய் என்று செய்தி வந்தால், முதலில் அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று தேடுங்கள். கழுத்து ஸ்கேன் எடுப்பது என் வேலை. ஜெல் தடவிக் கருவியை வைத்தால், விரலுக்குத் தட்டுப்படாத 3 மில்லிமீட்டர் கட்டிகூடத் திரையில் தெரிந்துவிடும். தென் கொரியாவில் எல்லோரும் ஸ்கேன் எடுக்கத் தொடங்கியதும், 1993-ல் இருந்ததைப் போல 15 மடங்கு தைராய்டு புற்றுநோய் 2011-ல் பதிவானது. அங்கே எந்த உலையும் வெடிக்கவில்லை, சாவும் கூடவில்லை.

2011-ல் அணு உலை விபத்து நடந்த ஜப்பானின் புகுஷிமாவிலும் எந்தத் தொந்தரவும் இல்லாத சுமார் 3 லட்சம் பிள்ளைகளுக்கு ஸ்கேன் எடுத்தார்கள். அப்படியானால் ஒப்பிட்ட ஊரிலும் அதே மாதிரி எடுத்தார்களா என்று பாருங்கள். விபத்து நடந்த இடத்திலிருந்து தள்ளியிருக்கும் அவோமோரி, யமனாஷி, நாகசாகியில் 4,300-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பார்த்தபோது, சிறு கட்டிகளும் நீர்க்கட்டிகளும் அங்கேயும் குறையவில்லை.

அடுத்து, பால். 1986 ஏப்ரல் 26-ல் உக்ரைனின் செர்னோபில் அணு உலை வெடித்ததும் அயோடின்-131 என்ற கதிரியக்க அயோடின் புல்லில் படிந்தது. மாடு மேய்ந்தது, பிள்ளை குடித்தது. சாதாரண அயோடினுக்கும் இதற்கும் தைராய்டுக்கு வித்தியாசம் தெரியாது, இரண்டையும் இழுத்துக்கொள்ளும். குழந்தையின் சுரப்பி சின்னது, அதனால் அதே அளவு பால் அதற்குப் பல மடங்கு கதிர்வீச்சு. இந்த அயோடின் 8 நாளில் பாதியாகிவிடும். சில வாரம் பாலை நிறுத்தியிருந்தாலே எத்தனையோ பிள்ளைகள் தப்பியிருப்பார்கள். எனக்கு இது ஆறவே ஆறாத விஷயம். புகுஷிமாவில் பாலைச் சீக்கிரமே தடுத்துவிட்டார்கள்.

அப்புறம் வயதும் வருடமும். செர்னோபிலுக்குப் பக்கத்தில், பெலாரஸின் கோமெல் பகுதியில் சுமார் நான்கு வருடம் கழித்துத்தான் எண்ணிக்கை ஏறியது. விபத்தின்போது எவ்வளவு சின்னப் பிள்ளையோ அவ்வளவு ஆபத்து. அயோடின் அழிந்த பிறகு பிறந்தவர்களிடம் அந்த ஏற்றம் இல்லை. கதிர்வீச்சுதான் காரணம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். புகுஷிமாவின் முதல் சுற்று ஸ்கேனில் நோய் தெரிந்தவர்களோ பெரும்பாலும் விபத்தின்போதே பதின்ம வயதில் இருந்தவர்கள்.

கடைசியாக, சாவு எண்ணிக்கையை வைத்து மட்டும் எடை போடாதீர்கள். செர்னோபிலை ஒட்டி, அப்போது 18 வயதுக்குட்பட்டிருந்தவர்களில் 2005 வரை 6,000-க்கும் மேல் நோயாளிகள்; இறந்தவர்கள் 15. பிழைத்தவர்களில் சுரப்பியை எடுத்தவர்கள் காலையில் வெறும் வயிற்றில் அந்தச் சுரப்பி சுரக்கும் தைராக்ஸினை மாத்திரையாகப் போட வேண்டும், ஆயுசு முழுக்க.